பேக்கப் இருக்கு, சரி. திருப்பி எடுத்துப் பாத்தனீங்களோ?



ரான்சம்வெயார் பற்றி நாங்கள் கதைத்த எபிசோடுக்குப் பிறகு வந்த ஈமெயில்களில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்விதான்: "அப்பாவின்ரை கடைக் கொம்பியூட்டருக்கு எந்த அன்ரிவைரஸ் வாங்கலாம்?"

சுருக்கமான பதில்: விண்டோஸோடு சும்மா வருகிற டிஃபென்டர் பெரும்பாலான வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் போதும். அதை நிப்பாட்டாமல், அப்டேட் வர விட்டால் சரி. காசைக் கையில் வைத்திருங்கள். அது வேறொன்றுக்குத் தேவைப்படும்.

அந்த வேறொன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் ஐரி கொன்ராக்டர். கிழமை நாட்களில் கொம்பனிகளுக்கு வேலை. சனி ஞாயிறு வந்தால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது அழைப்பார்கள். "தம்பி, கொம்பியூட்டர் ஏதோ காசு கேக்குது." போனதும் நான் முதல் கேட்கிறது, "பேக்கப் இருக்கோ?" அநேகமாக எல்லாரும் "ஓம், இருக்கு" என்பார்கள். அடுத்த கேள்வி, "கடைசியா எப்ப அதிலயிருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பாத்தனீங்கள்?" அதற்கு இதுவரை ஒருவரும் எனக்கு ஒரு திகதி சொன்னதில்லை.

ஓர் அச்சகத்தில் நடந்தது

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டுப் பதாகை, முப்பத்தோராம் நாள் கல்வெட்டு எல்லாம் அடிக்கிற இடம். ஓர் அண்ணையும் அவருடைய மனைவியும் நடத்துகிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை கடையைத் திறந்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் "உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பிட்கொயினில் காசு அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம்.

கள்ளன் எப்படி உள்ளே வந்தான்? அண்ணை இரவில் வீட்டிலிருந்து கடைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று யாரோ ஒருவர் ரிமோட் டெஸ்க்டொப் போட்டுக் கொடுத்து, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை முழு இன்ரநெற்றுக்கும் திறந்துவிட்டிருந்தார். அந்தப் போர்ட்டைத் தேடி உலகம் முழுக்க எந்த நேரமும் ரோபோக்கள் கதவு தட்டிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்ட், கடையின் பெயரும் ஒரு வருடமும். கண்டுபிடிக்கக் கனநேரம் போயிருக்காது.

காசு கொடுத்து வாங்கிய அன்ரிவைரஸ் அந்தக் கொம்பியூட்டரில் இருந்தது. ஆனால் வந்தவன் அட்மின் உரிமையோடு வந்தான். அட்மினால் அன்ரிவைரஸை நிப்பாட்ட முடியும், நிப்பாட்டினான். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கிற பழைய பிரதிகளையும் அழித்தான். அதற்குப் பிறகுதான் பூட்டத் தொடங்கினான்.

சரி, பேக்கப்? இரண்டு இருந்தன. ஒன்று, கொம்பியூட்டருக்குப் பின்னால் எந்த நேரமும் செருகியே இருந்த யுஎஸ்பி ஹார்ட் டிரைவ். விண்டோஸுக்கு அது இன்னொரு டிரைவ். ரான்சம்வெயாருக்கும் அது இன்னொரு டிரைவ்தான். அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. மற்றது, கூகுள் டிரைவ். சும்மா தருகிற 15 ஜிபி இடம் இரண்டு வருடத்துக்கு முன்பே நிறைந்து, அதற்குப் பிறகு ஒரு ஃபைலும் மேலே போகவில்லை. "இடம் முடிந்துவிட்டது" என்ற எச்சரிக்கை ஈமெயில்கள் ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன. அந்த ஜிமெயிலை உருவாக்கிக் கொடுத்த மருமகன் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

அண்ணைக்கு மிஷின்களைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு விஷயம்தான் அவரை உலுப்பியது. யார் யார் எவ்வளவு காசு தர வேண்டும் என்ற எக்செல் ஃபைல் ஒன்று. அடுத்தது, வருகிற புதன்கிழமை கொடுக்க வேண்டிய ஒரு கல்வெட்டு. கல்யாணக் கார்ட் என்றால் இரண்டு நாள் பிந்தலாம். முப்பத்தோராம் நாளைத் தள்ளிப்போட ஏலாது.

கல்வெட்டை மீட்டது வட்ஸ்அப். எழுத்துப்பிழை பார்க்க அந்தக் குடும்பத்துக்கு அனுப்பிய பிடிஎஃப் அவர்களுடைய ஃபோனில் இருந்தது. அதைப் பார்த்து இரண்டு இரவு இருந்து திருப்பி அமைத்தார்கள். எச்எஸ்ரி கட்டுவதற்காகக் கணக்காளருக்கு அனுப்பிய பிரதியால் கணக்கின் ஒரு பகுதி கிடைத்தது. கடைசி இரண்டு மாதக் கடன் பட்டியல் போனது போனதுதான். அதில் சிலர் தாங்களாகவே வந்து கொடுத்தார்கள். மற்றவர்களிடம் எதைக் காட்டிக் கேட்பது?

கள்ளனுக்கு அவர்கள் காசு கொடுக்கவில்லை. "நோ மோர் ரான்சம்" என்று யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிசும் பாதுகாப்புக் கொம்பனிகளும் 2016இல் தொடங்கிய ஒரு தளம் இருக்கிறது. பூட்டைத் திறக்கிற கருவிகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி நடந்தால் முதலில் அங்கே பாருங்கள். இவர்களுக்கு வந்த பூட்டுக்கு அங்கே சாவி இருக்கவில்லை.

பெரிய கொம்பனிகளிலும் இதே கதைதான்

"சின்னக் கடை, ஆக்களுக்குத் தெரியாது, அதால நடந்தது" என்று நினைக்காதீர்கள். உலகத்திலுள்ள புரோகிராமர்கள் கோட் வைத்திருக்கிற இடங்களில் ஒன்று கிட்லாப். 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, அங்கே ஓர் எஞ்சினியர் ஒரு சேர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை மற்ற சேர்வரில் அழித்துவிட்டார். கையை எடுப்பதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினார்கள். ஒவ்வொரு நாளும் பேக்கப் போயிருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பேக்கப் எடுக்கிற புரோகிராமின் வேர்ஷனும் டேட்டாபேஸின் வேர்ஷனும் பொருந்தாமல், அது ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டிருந்தது. "தோற்றுவிட்டேன்" என்று அது அனுப்பிய ஈமெயில்களோ சரியான முறையில் கையொப்பமிடப்படாததால் வாசலிலேயே திருப்பப்பட்டன.

கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக 6 மணித்தியாலத்துக்கு முன்பு ஓர் எஞ்சினியர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. அந்த 6 மணி நேர டேட்டா போய்விட்டது. இதையெல்லாம் மறைக்காமல் வெளியே எழுதி, மீட்கிற வேலையை யூரியூப்பில் நேரடியாகவும் காட்டினார்கள். அந்தத் துணிவுக்கு ஒரு சலூட். அச்சகத்து ஜிமெயிலுக்கும் கிட்லாப்பின் ஈமெயிலுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள் பார்ப்போம்.

இரண்டாவது கதை மேர்ஸ்க். உலகின் மிகப் பெரிய கப்பல் கொம்பனிகளில் ஒன்று. 2017 ஜூன் 27ஆம் திகதி நொட்பெட்யா என்ற வைரஸ் அவர்களுடைய நெட்வேர்க்குக்குள் புகுந்தது. யார் எந்தக் கொம்பியூட்டருக்குள் நுழையலாம் என்ற முழு விபரத்தையும் வைத்திருக்கிற டொமைன் கொன்ட்ரோலர்கள் அவர்களிடம் 150 அளவில் இருந்தன. ஒன்று போனால் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கையில், எல்லாம் ஒன்றோடொன்று சிங்க் ஆகிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. கானா நாட்டில் இருந்தது. வைரஸ் வந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை, அதனால் அந்த மிஷின் நெட்வேர்க்கில் இல்லை! இன்ரநெற் வழியாக அனுப்ப நாட்கணக்காகும் என்பதால், அதிலிருந்த டேட்டாவை ஒரு ஹார்ட் டிரைவில் இங்கிலாந்துக்குக் கையால் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். ஆனால் கானா அலுவலகத்தில் ஒருவரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் டிரைவைக் கொடுக்க, அவர் லண்டனுக்குப் பறந்தார். விசாப் பிரச்சினை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு 10 நாளில் 4,000 சேர்வர்களையும் 45,000 கொம்பியூட்டர்களையும் திருப்பி நிறுவினார்கள்.

இந்த மூன்று கதையிலும் பேக்கப் என்று எல்லாரும் நம்பியிருந்தது உதவவில்லை. அந்த நேரத்தில் கம்பியில் தொடுக்காமல் இருந்த, அல்லது வேறெங்கோ கிடந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த அதிர்ஷ்டத்தை நாங்கள் ஒரு பழக்கமாக ஆக்கினால் என்ன?

சிங்க் வேறு, பேக்கப் வேறு

முதல் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஒன்ட்ரைவ், கூகுள் டிரைவ், ஐகிளவுட் எல்லாம் அடிப்படையில் சிங்க் செய்கிறவை. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே பூட்டினால் அங்கேயும் பூட்டின ஃபைல்தான் போய்ச் சேரும். அவை உதவாதவை என்று சொல்லவில்லை. ஒன்ட்ரைவில் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். காசு கட்டுகிற மைக்ரோசொப்ட் 365 இருந்தால் முழு ஒன்ட்ரைவையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு திகதிக்குத் திருப்பலாம். ஆனால் அம்மா தெரியாமல் அழித்த அல்பத்தை 3 மாதம் கழித்துத் தேடினால்? அங்கே இருக்காது.

பேக்கப்புக்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகையான இடத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். ஒரு கடைக்கு இதை நான் இப்படி அமைப்பேன்:

கொம்பியூட்டரில் இருப்பது முதல் பிரதி. இரண்டு வெளி ஹார்ட் டிரைவ் வாங்குங்கள். அன்ரிவைரஸுக்கு வைத்திருந்த காசு இதற்குத்தான். ஒன்றில் மார்க்கரால் "அ", மற்றதில் "ஆ" என்று எழுதுங்கள். இந்த வெள்ளி "அ" வைச் செருகிப் பேக்கப் எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த வெள்ளி "ஆ". எந்த நேரத்திலும் ஒரு டிரைவாவது கடைக்கு வெளியே, கம்பி இல்லாமல் இருக்கும். கடையில் தீப்பிடித்தாலும், தண்ணீர்க் குழாய் வெடித்தாலும், கள்ளன் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது தப்பும். இவற்றோடு ஒரு கிளவுட் பிரதியும் இருந்தால் நல்லது.

எடுக்கிறதுக்கு விசேஷ சொப்ட்வெயார் வேண்டியதில்லை. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, மாக்கில் டைம் மெஷின். ஆனால் கணக்கு சொப்ட்வெயார் பாவித்தால் கவனம். அது திறந்திருக்கும்போது அதன் ஃபைலை இழுத்துப் போட்டால் பாதி எழுதின நிலையில் பிரதி வரலாம். அந்த சொப்ட்வெயாருக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு மெனு இருக்கும், அதால் எடுத்து, வருகிற ஃபைலை டிரைவில் போடுங்கள்.

இன்னொன்று. வேலை செய்கிற பிள்ளைகளின் சின் நம்பர்கள் அந்த டிரைவில் இருக்கும். பஸ்ஸில் தவறவிட்டால் அது வேறு தலையிடி. விண்டோஸ் ப்ரோவில் பிட்லொக்கரால் டிரைவைப் பூட்டலாம். டைம் மெஷினிலும் பூட்டுகிற வசதி உண்டு.

அரை மணித்தியாலப் பரீட்சை

இதுதான் முக்கியமான பகுதி, இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கா, எச்எஸ்ரி கட்டுகிற கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், இதைச் செய்யுங்கள்.

வீட்டிலிருக்கிற டிரைவை எடுங்கள். கடைக் கொம்பியூட்டரைத் தொடாதீர்கள், அது செத்துப்போய்விட்டது என்று கற்பனை பண்ணுங்கள். உங்கள் சொந்த லப்டொப்பில் செருகுங்கள். மூன்று ஃபைலைத் திருப்பி எடுங்கள்: போன கிழமை எழுதின ஒரு பில், ஒரு வருடத்துக்கு முந்தைய ஒன்று, ஒரு படம். மூன்றையும் திறந்து கண்ணால் பாருங்கள். பெயர் இருந்தால் போதாது, உள்ளே இருப்பது இருக்க வேண்டும். பிறகு கணக்கு ஃபைலை அதே சொப்ட்வெயாரில் திறந்து, கடைசிப் பதிவின் திகதியைப் பாருங்கள்.

முதல் தடவை ஏதாவது ஒன்று கட்டாயம் இடறும். லப்டொப்பில் அந்த சொப்ட்வெயாரின் புது வேர்ஷன் இருக்கும், பழைய ஃபைலைத் திறக்காது. அல்லது லைசன்ஸ் நம்பர் எங்கே என்று தெரியாது. அல்லது டிரைவ் பாஸ்வேர்ட் கேட்கும், அது சித்தப்பாவுக்குத்தான் தெரியும். இந்த இடறல்களைச் சும்மா இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் பரீட்சை. கடை நிறைய ஆட்கள் நிற்கிற சனிக்கிழமையில் கண்டுபிடிக்கக் கூடாது.

இந்தப் பரீட்சையோடு இன்னும் ஒன்றைச் சரிபாருங்கள். இப்போதைய விண்டோஸ் 11 கொம்பியூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசொப்ட் அக்கவுண்டால் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். கள்ளன் லப்டொப்பைத் தூக்கினால் இது நல்லது. ஆனால் மதர்போர்ட் மாற்றினால், அல்லது சில அப்டேட்டுகளுக்குப் பிறகு, நீல நிறத் திரையில் 48 இலக்க மீட்பு நம்பர் ஒன்றைக் கேட்கும். அது எந்த அக்கவுண்டால் நுழைந்தார்களோ அந்த மைக்ரோசொப்ட் அக்கவுண்டில் இருக்கும். அது யாருடைய அக்கவுண்ட்? பாஸ்வேர்ட் தெரியுமோ? அதற்கு வருகிற கோட் எந்த ஃபோன் நம்பருக்குப் போகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால், பூட்டு உங்களுடையது, சாவி உங்களிடம் இல்லை. நம்பரைக் கடதாசியில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கிற இடத்தில் வையுங்கள்.

கதவையும் சாத்துங்கள்

பேக்கப் இருக்கிறது என்று கதவைத் திறந்து விடச் சொல்லவில்லை. அச்சகத்துக்குக் கடைசியில் நான் செய்து கொடுத்தது நாலே நாலு விஷயம். ரவுட்டரில் அந்தப் போர்ட்டை மூடினேன். ஒவ்வொரு நாளும் பாவிக்க அட்மின் உரிமை இல்லாத ஓர் அக்கவுண்ட் போட்டு, அட்மினின் பாஸ்வேர்டை வேறாக வைத்தேன். கடை ஈமெயிலுக்கு இரண்டாவது பூட்டாக ஃபோனில் கோட் வரச் செய்தேன். அப்டேட்டை யாரும் நிப்பாட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்டேட் பற்றி ஒரு கணக்கு. 2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை உலகத்தை உலுப்பியது, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அப்டேட் கொடுத்தது மார்ச் 14ஆம் திகதி. 59 நாள் இடைவெளி. "பிறகு ஞாபகப்படுத்து" என்று அமத்துகிறவர்கள் இந்த 59ஐ நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. கடையில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்றால், நீடித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மிஷினை மாற்றுகிற கதையை இப்பவே தொடங்குங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"உதுக்கெல்லாம் நேரம் எங்க தம்பி?" என்றுதான் அப்பா சொல்வார். வைரஸ், ஹக்கர் என்று பயமுறுத்திப் பிரயோசனம் இல்லை. இதைவிடப் பெரிய பயங்களைக் கண்டவர்கள் அவர்கள். கடன் பட்டியல் என்று தொடங்குங்கள். கனடாவில் வரிக் கணக்குப் பத்திரங்களை 6 வருடம் வைத்திருக்க வேண்டும், வரிக்காரர் வந்து கேட்டால் கொம்பியூட்டர் செத்துப்போச்சு என்று சொல்லித் தப்ப ஏலாது. அதைச் சொல்லுங்கள்.

வீட்டுக் கொம்பியூட்டர் என்றால் பேச்சு இன்னும் சுகம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த அல்பத்தை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று. ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஊரே பார்த்தது. அதனால்தான் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறது. தப்பி வந்த நாலு படத்தை நீங்கள் ஸ்கேன் பண்ணி லப்டொப்பில் போட்டிருப்பீர்கள். அந்த லப்டொப்பின் டிஸ்க்கும் ஒரு இடம்தான்.

இந்தக் கிழமை எல்லாத்தையும் செய்யச் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை. உங்கள் வீட்டில் "பேக்கப்" என்று சொல்லப்படுகிற எதுவோ, அதிலிருந்து ஒரு ஃபைலை வேறொரு கொம்பியூட்டரில் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், அன்றைய திகதியை டிரைவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். திறக்காவிட்டால், எந்தப் படியில் இடறியது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் அந்த இடறல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கதைப்போம்.

வரட்டா?